பெரிய பேட்டரி மாட்டலாமா? – ஒரு நூறு வருடக் கணக்கு

பெட்ரோல் கார் வைத்திருக்கும் யாராவது, "டாங்க் ரொம்ப சின்னதா இருக்கு, பெரிசா ஒண்ணு மாத்திடலாம்னு பார்க்கறேன்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. ஆனால் எலெக்ட்ரிக் கார் வாங்கியவர்கள் இரண்டு மூன்று வருடம் கழித்துக் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். "புது மாடல்ல பெரிய பேட்டரி வந்திருக்காமே, அதை நம்ம பழைய கார்ல மாட்ட முடியுமா?"

நான் காமர்ஸ் படித்தவன். பிசிக்ஸுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. ஆகவே மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்று விளக்கப் போவதில்லை. வங்கியில் உட்கார்ந்து கார் லோன் பார்க்கிறவன் என்ற முறையில், இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பணக் கதையைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இது புதுக் கேள்வி இல்லை. நூறு வருடத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். பதிலும் சொல்லிவிட்டார்கள். நாம்தான் மறந்துவிட்டோம்.

ஒரு சின்ன முன்குறிப்பு. பேட்டரியின் அளவை கிலோவாட்-அவர் என்பார்கள். கரண்ட் பில்லில் நாம் 'யூனிட்' என்று சொல்கிறோமே, அதுவேதான். நான் யூனிட் என்றே எழுதுகிறேன். சுலபமாகப் புரியும்.

கம்பியில் ஓடும் வண்டி

நான் தினமும் நெருளில் ஏறும் ஹார்பர் லைன் ரயிலும் எலெக்ட்ரிக் வண்டிதான். இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியதே இந்த லைனில்தான். 1925 பிப்ரவரி 3, விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை. அதற்கும் முன்னால், 1907-லேயே பம்பாயில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்துவிட்டது. 1964 வரை ஓடியது.

இந்த வண்டிகளுக்கு ரேஞ்ச் என்ற பிரச்சினையே கிடையாது. தலைக்கு மேலே கம்பி இருக்கும்வரை போகும். கரண்டை யாரோ எங்கோ தயாரிக்கிறார்கள், வண்டி எடுத்துக்கொள்கிறது. கம்பியை விட்டுத் தெருவுக்கு வரும் வண்டிதான் கரண்டைத் தானே சுமக்க வேண்டும். சுமப்பதற்குப் பெட்டி வேண்டும். பெட்டிக்கு எடை உண்டு, விலை உண்டு, ஆயுள் உண்டு. எலெக்ட்ரிக் கார் சரித்திரம் முழுவதும் இந்த மூன்றையும் யார் சுமப்பது என்ற சண்டைதான்.

அறுநூறு டாலர் கூடுதல்

1907-லிருந்து 1939 வரை அமெரிக்காவில் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற கார் விற்றது. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது இந்தக் கார்தான். கணவர் உலகத்துக்கே பெட்ரோல் கார் விற்க, வீட்டம்மா எலெக்ட்ரிக் காரில் போனார் :-)

ஒரு சார்ஜில் சுமார் 130 கி.மீ. போகும் என்று விளம்பரம் செய்தார்கள். ஒரு சோதனை ஓட்டத்தில் 340 கி.மீ. போனதாகவும் பதிவு இருக்கிறது. விளம்பர ரேஞ்ச் ஒன்று, சோதனை ரேஞ்ச் ஒன்று, வீட்டு வாசலில் கிடைக்கும் ரேஞ்ச் ஒன்று என்கிற வழக்கம் அப்போதே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காரில் சாதாரணமாக ஈய-அமில பேட்டரி வரும். நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் அதே சாதிதான். 1911-லிருந்து 1916 வரை, கூடுதலாக 600 டாலர் கொடுத்தால் எடிசன் கண்டுபிடித்த நிக்கல்-இரும்பு பேட்டரி போட்டுத் தந்தார்கள். அதிக நாள் உழைக்கும், முரட்டுத்தனமாகப் பயன்படுத்தினாலும் தாங்கும். நான் படித்தவரையில், 'நல்ல பேட்டரிக்குத் தனி விலை' என்று காருக்கு ரேட் கார்டு போட்டவர்களில் இவர்கள் முன்னோடிகள்.

அந்த 600 டாலர் எவ்வளவு பெரிய தொகை? 1913 வாக்கில் ஒரு முழு ஃபோர்ட் மாடல் டி காரே ஏறக்குறைய அந்த விலைக்குக் கிடைத்தது. பேட்டரியை உயர்த்துகிற காசுக்கு இன்னொரு கார். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1912-ல் காடிலாக் கம்பெனி கையால் சுற்றாமல் பட்டனில் ஸ்டார்ட் ஆகும் பெட்ரோல் காரைக் கொண்டுவந்தது. அந்த ஸ்டார்ட்டரை இயக்கியது ஒரு பேட்டரி. எலெக்ட்ரிக் காரின் கதையை முடித்ததில் ஒரு பேட்டரிக்கும் பங்கு உண்டு என்பது வேடிக்கை.

பேட்டரி இல்லாமல் வண்டி வாங்கியவர்கள்

அதே காலத்தில் ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊரில் மின்சாரக் கம்பெனிக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். சரக்கு லாரியை பேட்டரி இல்லாமல் வாங்கிக்கொள், பேட்டரி எங்களுடையது. தீர்ந்ததும் வந்து மாற்றிக்கொண்டு போ. மாதம் ஒரு தொகை, அதோடு ஓடிய மைலுக்கு இவ்வளவு என்று வாடகை. 1910-லிருந்து 1924 வரை இது நடந்தது. எல்லா வண்டிகளும் சேர்ந்து 60 லட்சம் மைல் ஓடின.

கணக்குப் பாடம் படித்தவர்களுக்கு இதன் அழகு உடனே புரியும். வண்டி ஒரு சொத்து, அதன் தேய்மானம் ஒரு வேகம். பேட்டரி இன்னொரு சொத்து, அதன் தேய்மானம் வேறு வேகம். இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதினால் கணக்கு எப்போதும் உதைக்கும். ஹார்ட்ஃபோர்ட்காரர்கள் பிரித்து எழுதினார்கள். நாளைக்கு நல்ல பேட்டரி வந்தால் அதை வாங்கும் பொறுப்பும் ரிஸ்க்கும் மின்சாரக் கம்பெனிக்கு. லாரிக்காரருக்குக் கவலை இல்லை.

இதே யோசனை நம் ஊரில் 2024 செப்டம்பரில் எம்.ஜி. விண்ட்ஸர் காரோடு வந்தது. பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பேட்டரிக்கு கி.மீ.க்கு மூன்றரை ரூபாய் என்று அறிவித்தார்கள். எல்லாரும் புதுமை புதுமை என்றார்கள். எனக்கு ஹார்ட்ஃபோர்ட் லாரிதான் கண்ணில் தெரிந்தது.

கோயமுத்தூரில் ஒரு லவ்பேர்ட்

சரி, நம் ஊருக்கு வருவோம். 1993-ல் தில்லி ஆட்டோ எக்ஸ்போவில் 'லவ்பேர்ட்' என்று ஒரு குட்டி எலெக்ட்ரிக் கார் காட்டினார்கள். தயாரித்தது எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற கம்பெனி, ஜப்பானின் யாஸ்காவா கூட்டு. தொழிற்சாலை கேரளத்தில் சாலக்குடி, தமிழ்நாட்டில் நம் கோயமுத்தூர். இரண்டு பேர் உட்காரலாம். ஈய-அமில பேட்டரி. ஒரு சார்ஜுக்கு சுமார் 60 கி.மீ.

நான் கோவைக்காரன். 93-ல் அங்கேதான் ஸ்கூல் படித்துக்கொண்டிருந்தேன். அவிநாசி ரோட்டில் அந்தக் காரை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்ததாகச் சொன்ன ஆளும் இல்லை. சில கார்களே விற்று, கம்பெனி அந்த முயற்சியை மூட்டை கட்டிவிட்டது. மாருதி 800 ஓடிக்கொண்டிருந்த காலத்தில் 60 கி.மீ.க்கு ஒருமுறை பல மணி நேரம் சார்ஜ் போட யார் தயார்? மோட்டார் டெக்னாலஜியில் கோவை அன்றும் கில்லாடிதான். இடித்தது பெட்டி.

ரேவா கற்றுத் தந்த பாடம்

அடுத்து வந்தது பெங்களூரு ரேவா. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது சூரிய சக்தி கார் பந்தயத்தில் ஓடிய குழுவில் இருந்தவர் சேத்தன் மைனி. மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகான் கம்பெனியும் சேர்ந்து 1994-ல் ரேவா கம்பெனியைத் தொடங்கினார்கள். கார் விற்பனைக்கு வந்தது 2001-ல். 2004-லிருந்து லண்டனில் 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஓடியது. எலெக்ட்ரிக் என்பதால் அங்கே நெரிசல் கட்டணம் கிடையாது. அதனாலேயே பலர் வாங்கினார்கள்.

ரேவாவின் பேட்டரி கணக்கைப் பாருங்கள். 6 வோல்ட் பேட்டரி எட்டு. மொத்தம் 48 வோல்ட், 200 ஆம்பியர்-அவர். பெருக்கினால் 9.6 யூனிட். கம்பெனி சொன்ன ரேஞ்ச் 80 கி.மீ. ஈய-அமில பேட்டரி ஒரு கிலோவுக்கு சுமார் 35 வாட்-அவர் தரும் என்று வைத்தால், இந்த 9.6 யூனிட்டைச் சுமக்கவே ஏறக்குறைய 275 கிலோ வேண்டும். நாலு வாட்டசாட்டமான ஆட்கள் எப்போதும் காரில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

"ரேஞ்ச் போதவில்லை, பெரிய பேட்டரி போடுங்கள்" என்று ரேவாக்காரர் கேட்டிருந்தால்? 30 யூனிட்டுக்கு ஈயத்தில் 850 கிலோவுக்கு மேல் ஆகியிருக்கும். பேட்டரி கழித்த ரேவாவைப் போல இரண்டு மடங்கு. பிரேக், ஸ்பிரிங், டயர் எல்லாம் மாற்றி, கடைசியில் காரையே மாற்ற வேண்டும். எடையைத் தூக்க இன்னும் பேட்டரி, அந்த பேட்டரியைத் தூக்க இன்னும் பேட்டரி. வட்டிக்கு வட்டி கட்டக் கடன் வாங்கும் கஸ்டமர்களை எனக்குத் தெரியும். அதே கதை.

ஆகவே ரேஞ்ச் கூட வேண்டுமானால் பெட்டிக்குள் இருக்கும் சரக்கு மாற வேண்டும். 1991-ல் சோனி கம்பெனி கேமராவுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயான் பேட்டரிதான் அந்தச் சரக்கு. (அதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் நோபல் கிடைத்தது.) 2009 ஜனவரியில் ரேவா, லித்தியம் பேட்டரி மாடலை வெளியிட்டது. 80 கி.மீ. 120 ஆனது. எடையும் குறைந்தது. ஏறியது ஒன்றே ஒன்று, விலை.

ஏன் என்றால் அப்போது லித்தியம் பேட்டரி விலை அப்படி. 2010-ல் ஒரு யூனிட் பேட்டரிக்கு உலகச் சராசரி ஆயிரம் டாலருக்கு மேல் என்று ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. அதே கணக்கில் 2024-ல் 115 டாலர். 14 வருடத்தில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தங்கம் போன திசைக்கு நேர் எதிர்.

2010 மே மாதம் மகிந்திரா ரேவாவில் 55.2 சதவீதம் பங்கை வாங்கியது. 2013-ல் இ2ஓ வந்தது, 2016-ல் இ2ஓ ப்ளஸ் வந்தது. ப்ளஸில் 110 கி.மீ. மாடல், 140 கி.மீ. மாடல் என இரண்டு. அதாவது அறுநூறு டாலர் எடிசன் பேட்டரி மாதிரியே, ரேஞ்சுக்குத் தனி விலை. 2019-க்குள் அந்தக் காரும் சந்தையை விட்டுப் போய்விட்டது.

பூட்டி வைத்த கிலோமீட்டர்

இடையில் ஒரு சுவாரசியம். 2009-ல் ஃபிராங்க்பர்ட் கார் கண்காட்சியில் ரேவா 'ரிவைவ்' என்று ஒரு வசதியை அறிவித்தது. வழியில் சார்ஜ் தீர்ந்தால் போன் போடுங்கள், பேட்டரியில் பூட்டி வைத்திருக்கும் மிச்சத்தைத் தூரத்திலிருந்தே திறந்துவிடுகிறோம், சில கி.மீ. போய்ச் சேர்ந்துவிடலாம் என்றார்கள். இ2ஓ காரில் அந்த வசதி வந்தது.

எட்டு வருடம் கழித்து, 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவை இர்மா புயல் தாக்க வந்தபோது, டெஸ்லா இதையே பெரிய அளவில் செய்தது. 75 யூனிட் பேட்டரியை மென்பொருளால் 60 என்று சுருக்கி, குறைந்த விலைக்கு விற்றிருந்தார்கள். மக்கள் ஊரைக் காலி செய்யும்போது அந்தப் பூட்டைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டார்கள். ஒரு நட்டு கூட கழற்றாமல் ரேஞ்ச் கூடியது.

இது எங்களுக்குத் தெரிந்த ஓவர்டிராஃப்ட்தான். லிமிட் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. திறக்கும் சாவி உங்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

பழைய காருக்குப் புதுப் பெட்டி போட்டவர்கள்

அப்படியானால் விற்ற காருக்கு யாருமே பெரிய பேட்டரி மாற்றித் தந்ததில்லையா? தந்திருக்கிறார்கள்.

பிரான்ஸின் ரெனோ ஸோயி காரில் முதலில் 22 யூனிட் பேட்டரி. 2016 பாரிஸ் கண்காட்சியில் 41 யூனிட் வந்தது. ஐரோப்பிய சோதனைப்படி 210 கி.மீ. இருந்தது 400 ஆனது. சில நாடுகளில் பழைய ஸோயிக்காரர்களுக்கும் மாற்றித் தர முன்வந்தார்கள். எப்படி முடிந்தது? பேட்டரி அதே இடத்தில் அடங்கியது, எடை அதிகம் கூடவில்லை. இன்னொரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலான ஸோயிக்காரர்கள் பேட்டரியை மாத வாடகைக்குத்தான் எடுத்திருந்தார்கள். பழைய பெட்டி கம்பெனியின் சொத்து, திரும்பிப் போவதில் தகராறு இல்லை. மீண்டும் ஹார்ட்ஃபோர்ட்!

டெஸ்லா தன் முதல் காரான ரோட்ஸ்டருக்கு 2014 டிசம்பரில் புது பேட்டரி அறிவித்தது. ரேஞ்ச் 40 சதவீதம் கூடும். விலை 29,000 டாலர். மொத்தமே சுமார் 2,500 கார்தான் விற்றிருந்தார்கள். பணக்காரர்களின் விளையாட்டு.

நிஸான் லீஃப் 2014-ல் 5,499 டாலருக்கு அமெரிக்காவில் மாற்று பேட்டரி தந்தது. பழைய பெட்டியைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் புதுசும் அதே 24 யூனிட்தான். இழந்தது திரும்பக் கிடைக்கும், கூடுதலாக எதுவும் கிடையாது. அதுவும் எதனால் வந்தது? அரிசோனா வெயிலில் லீஃப் பேட்டரிகள் சீக்கிரம் வாடிவிட்டன என்று 2012-ல் கிளம்பிய புகார்களால். வெயில் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் நாட்டில் பேட்டரி மாற்றி ரேஞ்ச் கூட்டிக்கொண்டவர்கள் யார் தெரியுமா? கார்க்காரர்கள் இல்லை, இ-ரிக்‌ஷாக்காரர்கள். வட இந்தியாவில் ஈய-அமில பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் போட்டுக்கொண்ட இ-ரிக்‌ஷாக்கள் ஏராளம். 48 வோல்ட், எளிமையான வயரிங், சீட்டுக்கு அடியில் பெட்டி. காரில் அப்படி இல்லை. 300 வோல்ட்டுக்கு மேல் கரண்ட், ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் கம்ப்யூட்டர், குளிர்விக்கும் குழாய்கள், எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். தெரியாத பெட்டி வந்தால் கார் கிளம்பாது. தெரியாத கை பட்டால் உயிருக்கே ஆபத்து.

நெக்ஸான் கணக்கு

இன்றைய நம் சந்தைக்கு வருவோம். டாடா நெக்ஸான் இவி 2020 ஜனவரியில் வந்தபோது 30.2 யூனிட், சோதனைச் சான்றுப்படி 312 கி.மீ. 2022 மே மாதம் 'மேக்ஸ்' வந்தது, 40.5 யூனிட், 437 கி.மீ. 2024-ல் 45 யூனிட், 489 கி.மீ. (ரோட்டில் கிடைப்பது இதைவிடக் கணிசமாகக் குறைவு என்பது ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும்.)

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். ரேவா ஒரு யூனிட்டுக்கு 8.3 கி.மீ. 2020 நெக்ஸான் 10.3. மேக்ஸ் 10.8. 45 யூனிட் மாடல் 10.9. ரேவா இரண்டு கதவுக் குட்டி, நெக்ஸான் ஐந்து பேர் போகும் கனமான கார், அதனால் நேர் ஒப்பீடு சரியில்லைதான். ஆனால் நெக்ஸானை நெக்ஸானோடு ஒப்பிடலாமே? நாலரை வருடத்தில் யூனிட்டுக்கு அரை கி.மீ.தான் கூடியிருக்கிறது. மீதி அத்தனையும் பெட்டியின் அளவு. பெட்டி பெரிதானது, பேட்டரி விலை விழுந்ததால்.

ஆக ரேஞ்சின் சரித்திரம் என்பது பேட்டரி விலையின் சரித்திரம். விலை விழ விழ, அதன் பலன் புதுக் காருக்குப் போகிறது. முதலில் வாங்கியவருக்கு வராது. மேக்ஸ் வந்தபோது பேட்டரி மட்டும் மாறவில்லை, மோட்டாரின் பலம், சார்ஜர் என்று பலதும் சேர்ந்து மாறியது. பழைய காரில் அதைத் தூக்கி வைக்கும்படி யாரும் வடிவமைக்கவில்லை. பழைய உரிமையாளர்களுக்கு 2022 ஜூலையில் கிடைத்தது ஓர் இலவச மென்பொருள் மேம்பாடு. பிரேக் பிடிக்கும்போது கரண்டைத் திரும்பப் பிடிக்கும் அளவை மாற்றிக்கொள்ளும் வசதி அதில் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் பெட்டி அதேதான்.

ஆறு லட்சம் பர்சனல் லோன்

இதையெல்லாம் நான் துருவியதற்குக் காரணம் எங்கள் சொசைட்டியில் இருக்கும் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. 2020 கடைசியில் எலெக்ட்ரிக் கார் வாங்கியவர். பொண்ணு புனேயில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். சென்ற மழைக்காலத்தில் ஒரு ராத்திரி அவளுக்குக் கடும் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று போன். காரில் சார்ஜ் நாற்பது சதவீதத்துக்குக் கீழே. எக்ஸ்பிரஸ்வேயில் சார்ஜருக்கு க்யூ. அண்ணாச்சி போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது. பொண்ணு தேறிவிட்டாள். இவர் தேறவில்லை.

ஒரு கேரேஜ்காரர் பெரிய பேட்டரி மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "சார், ஆறு லட்சம் பர்சனல் லோன் போட்டா மாசம் எவ்வளவு வரும்?" என்று என்னிடம் வந்தார்.

நான் லோன் கணக்கு போடும் முன் வேறு கணக்கு போட்டேன்.

முதலில் வரி. எலெக்ட்ரிக் காருக்கு 2019 ஆகஸ்டிலிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம். லித்தியம் பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம். காருக்குள் உட்கார்ந்து வரும்போது 5, தனியாக வந்தால் 18! ஐந்து லட்ச ரூபாய் சரக்குக்கு வரி மட்டுமே 90,000. காரோடு வந்திருந்தால் 25,000.

அடுத்து சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2022-ல் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு பேட்டரி பாதுகாப்பு விதிகளை இறுக்கினார்கள். கார்களுக்கான ஏஐஎஸ்-038 திருத்தம் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக அமலானது. கேரேஜ் பெட்டிக்கு அந்தச் சான்று எங்கே?

மூன்றாவது இன்சூரன்ஸும் வாரண்டியும். அவர் பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டி இன்னும் பாக்கி. வெளியாள் திறந்த அன்றைக்கே அது போச்சு. தீப்பிடித்தால் க்ளெய்ம் நிராகரிக்க இன்சூரன்ஸ்காரருக்கு நல்ல காரணம் நாமே எழுதிக் கொடுத்த மாதிரி.

நான்காவது எங்கள் துறை. கார் லோன் முடியவில்லை, வண்டி வங்கியின் பேரில் ஹைபோதிகேஷனில் இருக்கிறது. அடமானத்தில் உள்ள பொருளைப் பிரித்து மாற்றுவதா?

"அண்ணாச்சி, இது எடிசன் பேட்டரி கதை. இந்தக் காசுக்கு இன்னொரு காருக்கு முன்பணமே கட்டிடலாம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு ராத்திரி நாற்பது பர்சன்ட் ஏன் இருந்துச்சு தெரியுமா சார்? நம்ம பார்க்கிங்ல பிளக் இல்ல. ஆபீஸ்ல எடம் கெடச்சா சார்ஜ், இல்லாட்டி இல்ல" என்றார்.

அதுதான் விஷயம்! நாலு வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த ஒரு 15 ஆம்பியர் பாயிண்டுக்கு சொசைட்டி கமிட்டி என்.ஓ.சி. தராமல் இழுத்துக்கொண்டிருந்தது. தீ பயம் என்றார்கள், ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றார்கள். 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு சுமார் 3 யூனிட் ஏறும். ராத்திரி பத்து மணிக்கு மாட்டினால் காலையில் அவர் பெட்டி நிறைந்திருக்கும். நெருளிலிருந்து புனே 120 கி.மீ. சொச்சம். லோனாவாலா ஏற்றம் சுமார் 600 மீட்டர். 1,700 கிலோ பாரத்தை அவ்வளவு உயரம் தூக்க மூன்று யூனிட்டுக்குள்தான் என்று கணக்கு வருகிறது, இழப்பு சேர்த்தால் இன்னும் கொஞ்சம். நிறைந்த 30 யூனிட் பெட்டிக்கு இது பெரிய காரியமே இல்லை.

அடுத்த பொதுக்குழுவில் அண்ணாச்சியும் நானும் இன்னும் மூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்து தீர்மானம் கொண்டுவந்தோம். மூன்று மணி நேர வாக்குவாதம். அவரவர் மீட்டரிலிருந்து கேபிள், தனி பிரேக்கர், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் என்ற நிபந்தனைகளோடு பாஸ் ஆனது. அண்ணாச்சிக்கு முப்பதாயிரத்துக்குள் முடிந்தது. பர்சனல் லோன் அப்ளிகேஷன் என் மேஜையில் நிரப்பப்படாமலே கிடந்தது.

வாங்கும் முன் கேட்க வேண்டியது

அதற்காக 'பெரிய பேட்டரி தேவையே இல்லை' என்று நான் சொல்ல வரவில்லை. பாயிண்ட் போட வழியில்லாத பழைய கட்டடங்கள் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எத்தனையோ. அங்கே இருப்பவர் பெரிய பெட்டியோடுதான் கார் வாங்க வேண்டியிருக்கும், அதற்கான விலையையும் அவரே கொடுக்க வேண்டியிருக்கும். அதை வாங்கும் அன்றைக்கே காரோடு, 5 சதவீத வரியில், எட்டு வருட வாரண்டியோடு வாங்கிவிடுங்கள் என்கிறேன். பின்னால் மாட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் சின்னது வாங்காதீர்கள்.

ஷோரூமில் மூன்று கேள்வி கேளுங்கள். எட்டு வருடம் கழித்து இதே பெட்டிக்கு மாற்று கம்பெனியிடமே கிடைக்குமா? பாதி கெட்டால் பாதியை மட்டும் மாற்ற முடியுமா? பேட்டரியை வாடகைக்கு எடுத்தால், ஐந்து வருட ஓட்டத்துக்கு மொத்தம் எவ்வளவு? பதில்களை எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது எதுவும் வவுச்சர் ஆகாது.

எங்கள் துறைக்கும் ஒரு வார்த்தை. ஸ்டேட் பாங்க் 2019-லேயே எலெக்ட்ரிக் காருக்கு எட்டு வருடம் வரை கடன் தரத் தொடங்கியது. பேட்டரி வாரண்டியும் அதே எட்டு வருடம். கடைசி ஈ.எம்.ஐ. கட்டி முடிக்கும் மாதம், காரின் மிக விலை உயர்ந்த பாகத்துக்குக் கம்பெனியின் பொறுப்பும் முடிகிறது. அதற்கப்புறம் அந்தக் காரின் விலை என்ன என்பது, பேட்டரியில் மிச்சமிருக்கும் பலத்தைப் பொறுத்தது. பெட்ரோல் கார் மாதிரி மாடல் வருடத்தையும் மீட்டரையும் மட்டும் பார்த்துப் பழைய எலெக்ட்ரிக் காருக்கு மதிப்புப் போட்டால் விற்பவரோ வாங்குபவரோ ஒருவர் ஏமாறுவார். பேட்டரியின் இன்றைய கொள்ளளவை அளந்து சான்று கொடுத்தால்தான் மதிப்புப் போடவே முடியும்.

லவ்பேர்டும் ரேவாவும் முதலில் வாங்கிய சில ஆயிரம் பேர், விலை உச்சத்தில் இருந்தபோது காசு கொடுத்தார்கள். அவர்கள் ஓட்டிப் பார்த்ததால் கற்ற பாடத்தில்தான் இன்றைக்கு 489 கி.மீ. என்று ஷோரூமில் போர்டு வைக்க முடிகிறது. 2020-ல் வாங்கியவர்களும் அந்த வரிசைதான். அவர்களின் காருக்கு நியாயமான விலையும், எட்டு வருடத்துக்குப் பிறகு ஒரு மாற்றுப் பெட்டியும் கிடைக்க வழி செய்வது, அவர்கள் காசில் வளர்ந்த கம்பெனிகளின் கடன். அந்தக் கடனுக்கு எந்த வங்கியும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. வாங்கும் அன்று நாம் கேட்டால்தான் உண்டு.